பதினேழாவது மேப்

பல் டாக்டரின் காருக்கு அவள் அனுப்பிய பதினோராவது மேப்பும் வேலைக்கு ஆகவில்லை.

காலையில் அண்ணன் காரை ஓட்டிப் பார்த்து அனுப்பிய பதிவு அவள் திரையில் கோடு கோடாக விரிந்து கிடந்தது. சிவப்புக் கோடு இன்ஜின் சுற்றும் வேகம். நீலக் கோடு டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம். இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்டன. பச்சைக் கோடுதான் அடங்கவில்லை. எரிந்து வெளியேறும் புகையில் எவ்வளவு காற்று மிச்சமிருக்கிறது என்று பார்த்து, இன்ஜினுக்குப் பெட்ரோல் போதுகிறதா இல்லையா என்று சொல்கிற சென்சாரின் கோடு அது. டர்போவுக்குக் கீழே ஒரு முழம் தள்ளிப் புகைக்குழாயில் அதைச் செருகியிருந்தார்கள். பெட்ரோல் போதவில்லை என்றது அது.

நேற்றும் அதையேதான் சொன்னது. அதனால்தான் நேற்று எட்டு சதவீதம் கூட்டிக் கொடுத்தாள். எட்டு கொடுத்தால் கோடு எட்டு நகர வேண்டும். இரண்டுதான் நகர்ந்திருந்தது. மீதி ஆறு எங்கே போனது?

"இன்னும் அந்தப் பல் டாக்டர் வண்டியேவா?" சமையலறையிலிருந்து கணவன் கேட்டான்.

"வண்டியா இது? வாய் பேசாத குழந்தைக்கு வயித்துவலி வந்த மாதிரி இருக்கு," என்றாள்.

காரைத் தொடாமலே காரைச் சரிசெய்வது அவள் வேலை. கம்பெனியில் வந்த காரில் ஆசைப்பட்டுப் பெரிய டர்போ வைப்பார்கள், பெரிய இன்ஜெக்டர் வைப்பார்கள். இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டருக்கு அந்தச் செய்தி தெரியாது. அது பழைய கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கை மாற்றி எழுத ஓர் ஆள் வேண்டும். இந்த வேகத்தில், இந்த அழுத்தத்தில், இன்ஜெக்டர் எத்தனை நேரம் திறந்திருக்க வேண்டும், பிளக் எப்போது பொறி விட வேண்டும் என்று கட்டம் கட்டமாக நிரப்புவதைத்தான் மேப் என்பார்கள். ஒரு கட்டத்தில் தப்பு செய்தால் கார் இருமும். பெட்ரோலைக் குறைத்துத் தப்பு செய்தால் பிஸ்டன் உருகும். அவள் வீட்டில் உட்கார்ந்து மேப்பை எழுதி அனுப்புவாள். அங்கே ஒருவர் அதைக் காரில் ஏற்றி, ஓட்டி, பதிவைத் திருப்பி அனுப்புவார். இப்படியே ஆறேழு முறை போய்வந்தால் கார் வழிக்கு வந்துவிடும்.

அண்ணன் பட்டறையிலிருந்து வரும் கார்கள் நாலு முறையிலேயே வழிக்கு வரும். பஸ்ஸில் ஐந்து மணி நேரத் தூரத்தில் இருந்தது அந்தப் பட்டறை. அண்ணன் அவளைவிட ஒன்பது வயது மூத்தவன். முப்பத்தாறு வயதான அவளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். அவன் கை வைத்த இடத்தில் அவளுக்குச் சந்தேகமே வராது. பானட்டைத் திறந்ததும் முதலில் குனிந்து ஒரு மூச்சு உறிஞ்சிப் பார்ப்பான். பிறகுதான் ஸ்பேனரை எடுப்பான். ரேடியேட்டர் தண்ணீர் கசிகிறதா, வயர் கருகுகிறதா, கிளட்ச் தேய்கிறதா என்று அந்த ஒரு மூச்சிலேயே சொல்லிவிடுவான்.

அவனைப் போனில் வீடியோவில் அழைத்தாள்.

"அண்ணா, பெட்ரோல் பம்ப் அழுத்தம்?"

"மூணு. ஆடாம நிக்குது."

"இன்ஜெக்டர்?"

"நாலையும் கழட்டி பாட்டில்ல ஊத்திப் பாத்துட்டேன். நாலும் சமம்."

"எக்ஸாஸ்ட்ல லீக்?"

"நான் மாட்டினதுல லீக்கா?" அவன் சிரித்தான். "கையை வச்சுப் பாத்துட்டேன் பாப்பா. ஒண்ணும் இல்ல."

"சரி, வண்டி ஓடிட்டு இருக்குல்ல? பெட்ரோல் வாசனை வருதா?"

அவன் பானட்டுக்குள் குனிந்து மூச்சை உறிஞ்சுவது வீடியோவில் தெரிந்தது. நிமிர்ந்தான்.

"வரல."

அவள் நிம்மதியானாள். பெட்ரோல் அதிகமாகப் போனால் எரியாமல் வெளியே வந்து நாற்றமடிக்கும். கண் எரியும். நாற்றம் இல்லை என்றால் அதிகம் இல்லை. சென்சாரும் போதவில்லை என்கிறது, அண்ணன் மூக்கும் அதையேதான் சொல்கிறது. இரண்டு சாட்சி போதாதா? பன்னிரண்டாவது மேப்பில் இன்னும் கொஞ்சம் கூட்டினாள். பதின்மூன்றில் இன்னும் கொஞ்சம்.

விசித்திரம் என்னவென்றால், ஆக்சிலரேட்டரை அழுத்தி அண்ணன் முழு மிதியில் ஓட்டினால் பச்சைக் கோடு ஒழுங்குப் பிள்ளையாக இருந்தது. தெருவில் மெதுவாகப் போகும்போதும், சிக்னலில் நிற்கும்போதும்தான் போதவில்லை, போதவில்லை என்று அடம்பிடித்தது. பசி எடுக்க வேண்டிய நேரத்தில் சும்மா இருந்துவிட்டு, படுத்திருக்கும்போது சோறு கேட்கிற பிள்ளையை என்ன சொல்வது? அவளுக்கு மண்டை காய்ந்தது.

அந்த வாரம் பல் டாக்டரே அவளை நேராகப் போனில் அழைத்தார். ஐம்பதைத் தாண்டியவர். அதிர்ந்து பேசமாட்டார். பதினெட்டு வருடப் பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி அதில் டர்போ பொருத்தச் சொன்னவர் இவர்தான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். "ஆளைப் பாத்தா ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காரவே யோசிக்கிறவர் மாதிரி இருக்கார். அந்த மனுஷனுக்குள்ள என்ன ஓடுதுன்னே தெரியல," என்று அண்ணன் முதல் நாளே சொல்லியிருந்தான்.

"மேடம், தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க. கிளினிக்குக்குப் போக வர வண்டியை எடுத்தேன். உள்ள பெட்ரோல் வாடை வருது."

"உங்க காருக்குள்ளயா சார்?"

"ஆமா. என் சட்டைலகூட. வீட்ல சொல்றாங்க."

அவள் உடனே அண்ணனைக் கேட்டாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அவர் நாள் முழுக்க ஊசி மருந்தும் ஸ்பிரிட்டும் மோந்துட்டு, மூக்கை மாஸ்க்ல கட்டிட்டு இருக்கிறவர். அவர் மூக்கை நம்பி நீ மேப் எழுதப் போறியா?"

அவளும் சிரித்தாள். அது நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் மறுநாள் பிளக்குகளைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னபோது, வந்த படத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு பிளக்கும் அடுப்புக்கரி போல இருந்தன. பெட்ரோல் போதாத இன்ஜினில் பிளக் வெளுத்துப் போகும். கருப்பது பெட்ரோல் மிஞ்சினால்தான்.

"அண்ணா, இது நெஜமாவே கருப்பா, இல்ல உன் போன் கேமரா கோளாறா?"

"கொஞ்சம் கருப்புதான். குளிர்ல ஸ்டார்ட் பண்ணிப் பண்ணி நிறுத்தினேன்ல, அதுல கருத்திருக்கும்."

"ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாரு. பெட்ரோல் கலந்திருந்தா தெரியும்."

குச்சியை உருவுகிற உரசல் கேட்டது.

"ஆயில்தான் பாப்பா. வேற ஒண்ணும் இல்ல."

அன்று மாலை அவள் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டாள். பெட்ரோல் குறைவு என்பவர்களை ஒரு பக்கம் எழுதினாள்: சென்சார், அண்ணன். அதிகம் என்பவர்களை மறுபக்கம்: பிளக், பல் டாக்டர். இரண்டுக்கு இரண்டு. பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடியது. சென்சார் பொய் சொல்கிறதோ என்று பத்தாவது மேப்பிலேயே புதிது மாற்றியாயிற்று. புதுசும் பழசின் பாட்டையே பாடியது. தான்தான் எங்கேயோ அடிப்படையிலேயே கோட்டை விட்டுவிட்டோமோ என்று முதல் மேப்பிலிருந்து எல்லாக் கட்டங்களையும் திரும்பப் பார்த்தாள். பதினோரு வருடமாகச் செய்கிற வேலை. கூட்டல் கழித்தலிலேயே சந்தேகம் வர ஆரம்பித்தது. பதினாறாவது மேப்பை எழுதி அனுப்பிவிட்டு, அனுப்பிய கையோடு போன் செய்து, "அதை ஏத்தாத, இரு," என்றாள்.

"என்னாச்சு உனக்கு?" என்றான் அண்ணன்.

"தெரியல. நான் நேர்லயே வர்றேன்."

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் பட்டறை வாசலில் இறங்கினாள். தகரக் கூரை, ஆயில் ஊறிக் கருத்த சிமெண்டுத் தரை, சுவரில் அளவுவாரியாகத் தொங்கும் ஸ்பேனர்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தைச் சுண்ணாம்பில் வரைந்திருக்கும் அண்ணனின் ஒழுங்கு. நடுவில் பல் டாக்டரின் வெள்ளைக் கார் பானட்டைத் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அவள் வருகிறாளென்று இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தான்.

வாசலைத் தாண்டி மூன்று அடி வைத்தாள். நின்றாள்.

பெட்ரோல். கண்ணில் நீர் வர வைக்கிற, தொண்டையைப் பிடிக்கிற பெட்ரோல் நெடி. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"வா பாப்பா! சாப்பிட்டியா?" அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"அண்ணா, என்ன இது?"

"எது?"

"இந்த நாத்தம்!"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். மூச்சை உறிஞ்சினான். "எந்த நாத்தம்? பஸ்ல வந்த களைப்பா இருக்கும்."

ஒரு கணம் அவளுக்கு அதுவும் உண்மையாக இருக்குமோ என்று தோன்றியது. ஐந்து மணி நேரம் ஜன்னலோரம் டீசல் புகையைக் குடித்துக்கொண்டு வந்தவள். காரிடம் போய் ஆயில் குச்சியை உருவினாள். நுனியில் ஆயில் நிற்காமல் தண்ணீர் போலச் சொட்டியது. அளவுக் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆயிலா அது? பாதி பெட்ரோல்.

"மோந்து பாரு," என்று அவன் முன்னால் நீட்டினாள்.

அவன் குனிந்து, மூக்கில் ஒட்டுகிற மாதிரி அதை மோந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். "ஆயில்தான்," என்றான்.

அவளுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. விளையாடுகிறானா? விளையாடுகிற முகமில்லை. அந்த நேரம் பக்கத்து டயர் கடைக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, மறுபடியும் அந்த வண்டியா? பத்து நாளா நான் கடையில ஒரு பீடி பத்த வைக்கல. நீ பெட்ரோல் பங்க் வச்சிருக்கியா, பட்டறை வச்சிருக்கியா?"

"அவருக்கு எப்பவும் கிண்டல்," என்று அண்ணன் சிரித்தான். டயர் கடைக்காரர் சிரிக்காமல் போய்விட்டார்.

அவள் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாள். பட்டறை அமைதியானது.

"ஊருக்கே நாறுது. எங்கிட்ட மூணு வாரமா இல்ல இல்லன்னு சொல்லியிருக்க. ஏதோ ஒரு வேலையில சொதப்பிட்டு அதை மறைக்கிற, அதானே? சொதப்பினா சொதப்பினேன்னு சொல்லு. நான் என்ன தூக்குலயா போடப் போறேன்? உன்னை நம்பி நான் பெட்ரோலை ஏத்திக்கிட்டே போயிருக்கேண்ணா! முப்பத்தஞ்சு சதவீதம்!"

"மறைக்கல."

"அப்ப எதுக்குப் பொய் சொன்ன?"

"பொய் சொல்லல பாப்பா. வாசனை வருதான்னு கேட்ட. வரலைன்னு சொன்னேன்."

"இவ்வளவு நாத்தம் எப்படி வராம இருக்கும்?"

"எனக்கு வரலடி!" அவன் குரல் தகரக் கூரையில் பட்டுத் திரும்பியது. பிறகு தணிந்தது. "எதுவுமே வரல. எட்டு மாசமா."

அவள் குச்சியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். நுனியிலிருந்து சொட்டியது அவள் செருப்பில் விழுந்தது.

அவன் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து சொன்னான். எட்டு மாதத்துக்கு முன் நாலு நாள் காய்ச்சல். காய்ச்சல் போனது, மூக்கடைப்பு போகவில்லை என்று நினைத்தான். ஆனால் மூக்கு அடைக்கவே இல்லை, மூச்சு நன்றாகத்தான் வந்தது. ஒருநாள் சந்தேகப்பட்டுப் பெட்ரோல் கேனைத் திறந்து முகத்தை வைத்தான். மூக்குக்குள் சில்லென்று ஏறியது. அவ்வளவுதான். தண்ணீர்க் கேனா பெட்ரோல் கேனா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியவில்லை. இன்று வரும் நாளை வரும் என்று காத்திருந்தான்.

"ஒருத்தர்கிட்டயும் சொல்லலையா? அண்ணிகிட்ட?"

"சொல்லல."

"ஏன்?"

"சொல்லிட்டா அது உண்மையாயிடும் மாதிரி இருந்தது." தரையைப் பார்த்தான். "அப்புறம், வண்டிய விட வர்றவன் நான் மோந்து பாக்கறதைத்தான் முதல்ல பாக்கறான். அவன் எதிர்ல கையைப் பிசைஞ்சுட்டு நிக்கச் சொல்றியா?"

கோபப்படுவதா பரிதாபப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நடுவில் ஒரு சிரிப்பு வேறு முட்டிக்கொண்டு வந்தது. தாளில் கோடு போட்டு எண்ணிய இரண்டு சாட்சிகளில் ஒன்று சாட்சியே இல்லை. எதுவும் வராத மூக்கிடம் ஏதாவது வருகிறதா என்று கேட்டு, வரவில்லை என்றதும் நம்பி எழுதிய மேப்புகள். அவன் சொன்னதிலும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பிறகு எதற்காக இவனைத் திட்டுவது?

"சரி, எழுந்திரு. சென்சார் ஏன் பொய் சொல்லுதுன்னு பாப்போம்," என்றாள். அதைத் தவிர அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது ஒன்றுமட்டும் தெளிவு. பெட்ரோல் அதிகம். அப்படியிருந்தும் சென்சார் காற்று மிச்சம் என்கிறதென்றால், அந்தக் காற்று இன்ஜினுக்குள்ளிருந்து வரவில்லை. வழியில் எங்கோ வெளியிலிருந்து நுழைகிறது. இன்ஜின் ஆறியதும் சைலன்சரின் வாயைத் துணியால் அடைத்து, தூசி உறிஞ்சும் மெஷினைத் திருப்பி மாட்டி அதன் வழியே காற்றை ஊதவிட்டாள். அண்ணன் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே காருக்கு அடியில் படுத்து நகர்ந்தான். இணைப்புகளில் ஒன்றுமில்லை. டர்போவுக்குக் கீழே குழாய்க்குச் சூடு தாங்கும் துணி சுற்றியிருந்த இடத்தில், துணியின் ஓரத்திலிருந்து நுரை கிளம்பியது.

"இரு," என்றான். கத்தியால் துணியைக் கிழித்தான்.

"என்னண்ணா?"

"விரிசல். வெல்டிங் மேலயே. ஒரு நகம் அளவு." அடியிலிருந்து முகத்தைக் காட்டாமலே சொன்னான். "துணியைச் சுத்தினதால கைக்குத் தெரியல. முன்னயா இருந்தா புகை கசியறது மோப்பத்துலயே தெரிஞ்சிருக்கும்."

அவளுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருந்திவந்தது. கார் மெதுவாக ஓடும்போது புகை விட்டுவிட்டுத் துடித்துப் போகும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே அந்த விரிசல் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றைத்தான் சென்சார் மோந்துவிட்டு, பெட்ரோல் போதவில்லை என்று சொல்லியிருக்கிறது. முழு மிதியில் புகை நெருக்கித் தள்ளிக்கொண்டு போகும்போது வெளிக்காற்று நுழைய இடமில்லை. அதனால்தான் அப்போது மட்டும் ஒழுங்கு.

குழாயைக் கழற்றி வெளியே தூரமாகக் கொண்டுபோய் அண்ணன் வெல்டிங் வைத்தான். பழைய ஆயிலை இறக்கிப் புதிது ஊற்றினார்கள். சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்தார்கள். மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் குறைவு; மிஞ்சிய பெட்ரோல் உள்ளே ஆயிலைக் கழுவித் தேய்த்திருந்தது. பயப்படுகிற அளவில்லை, ஆனால் இல்லையென்று சொல்லவும் முடியாது. மாலை நாலு மணிக்கு அவள் காருக்குள் மடிக்கணினியோடு உட்கார்ந்து, மூன்று வாரமாகக் கூட்டியதையெல்லாம் அழித்து, பதினேழாவது மேப்பை எழுதினாள். அண்ணன் ஓட்டினான். நாலு தெரு சுற்றி வருவதற்குள் பச்சைக் கோடு அவள் காட்டிய இடத்தில் வந்து உட்கார்ந்தது. இரண்டு குறைத்தால் இரண்டு நகர்ந்தது. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

கிளினிக் முடிந்து பல் டாக்டர் வந்தார். அவள் ஒளிக்காமல் சொன்னாள். விரிசல், தேவையில்லாமல் போன பெட்ரோல், ஆயில், மூன்றாவது சிலிண்டர்.

அவர் கேட்டுக்கொண்டார். "அப்ப எனக்கு வந்த தலைவலி?"

"உங்களுக்குத் தலைவலியா?"

"ரெண்டு வாரமா. வண்டியில போய் இறங்கினா வரும், மத்தியானம் போயிடும். கண்ணாடி மாத்தணுமோன்னு நினைச்சேன்."

விரிசலில் வெளிக்காற்று உள்ளே போனது போலவே புகையும் வெளியே வந்திருக்கிறது. ஏசி வழியாக அவர் மூச்சுக்குள் போயிருக்கிறது. "நீங்க வாடை வருதுன்னு சொன்னீங்க சார். நாங்கதான் நம்பல," என்றாள்.

டாக்டரின் முகம் சிவந்தது. அதிர்ந்து பேசாதவர் அன்று கொஞ்சம் அதிர்ந்தார். "நான் இவர்கிட்டயும் சொன்னேன் மேடம், உங்க மூக்குலதான் கோளாறுன்னு என்னை வச்சுச் சிரிச்சார். இவ்வளவு வாடை இவருக்கு மட்டும் எப்படி வராம போச்சு?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அது அவள் சொல்ல வேண்டியதா என்று தெரியவில்லை. அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"எனக்கு மூக்கு வேலை செய்யல சார். எட்டு மாசமா. உங்களை வச்சுச் சிரிச்சது தப்பு."

பல் டாக்டர் அவனையே பார்த்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, "தலையைத் தூக்குங்க," என்றார். மூக்குக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "நான் பல்லு டாக்டர்தான். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது," என்று டார்ச்சை அணைத்தார். "எங்கூடப் படிச்சவர் ஒருத்தர் காது மூக்கு தொண்டை பாக்கறார். நாளைக்குக் காலைல நானே கூட்டிட்டுப் போறேன். இந்த வண்டியிலயே போலாம், ஜன்னலைத் திறந்து வச்சுட்டு."

அன்று ராத்திரி வீட்டில் அண்ணியிடம் சொல்ல வேண்டியிருந்தது. அண்ணன் தட்டின் முன்னால் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே நாலு வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டான். அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நேத்துகூட, குழம்பு வாசனையே ஆளைத் தூக்குதுன்னு சொன்னீங்களே?"

அவன் சோற்றையே பிசைந்துகொண்டிருந்தான்.

"எட்டு மாசமா தினமும் சொல்லியிருக்கீங்க. நான் வேற நம்பிட்டு, அதே மாதிரி வருதான்னு பாத்துப் பாத்துச் செய்யறேன்."

"உப்பு, புளிப்பு, காரமெல்லாம் தெரியும். நல்லாத்தான் இருந்தது."

"நான் அதைக் கேக்கல," என்றாள் அண்ணி. திடீரென்று எதையோ நினைத்துக்கொண்டு எழுந்து போய் அடுப்பின் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "மூணு மாசத்துக்கு முன்னாடி, பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு வீடு பூரா கேஸ் நாத்தம். நீங்க ஹால்ல பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க. படிக்கிற மும்முரத்துல கவனிக்கலைன்னு சொன்னீங்க. நான் மட்டும் கடையில இன்னும் அஞ்சு நிமிஷம் நின்னிருந்தா?"

அண்ணி அவன் தட்டை இழுத்து ஆறிப்போன சோற்றை எடுத்துவிட்டுச் சூடாகப் போட்டாள். அவனோடு மூன்று நாள் பேசவில்லை.

மூக்கு டாக்டர் ஸ்கேன் எடுத்தார். காய்ச்சலில் நரம்பு அடிபட்டிருக்கிறது என்றார். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். நாலு சின்னப் பாட்டில்களைக் கொடுத்து, காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் மோந்து, இது ரோஜா, இது எலுமிச்சை என்று நினைவுபடுத்திக்கொண்டே இருக்கச் சொன்னார். மாதக்கணக்கில் செய்ய வேண்டுமாம். அண்ணி வீட்டில் ஒன்றும் பட்டறையில் ஒன்றுமாகக் கேஸ் கசிந்தால் கத்துகிற கருவியை மாட்டவைத்தாள். பட்டறையில் அது நாளுக்கு நாலு முறை கத்தி, டயர் கடைக்காரரை ஓடிவரச் செய்தது.

அவள் தன் வீட்டுக்குத் திரும்பினாள். வேறு கார்கள், வேறு கோடுகள். ஒவ்வொரு பதிவைத் திறக்கும்போதும், இதை ஓட்டியவர் யார், அவருக்குக் காது கேட்குமா, கண் தெரியுமா என்று ஒரு வீண் யோசனை குறுக்கே வந்துபோனது. பல் டாக்டரின் தலைவலி நின்றுவிட்டதாம். முழு மிதியில் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு, மறுநாள் முழுக்கக் கிளினிக்கில் சிரித்தபடியே இருந்தாராம்.

ஏழு வாரம் கழித்து, ஒரு காலையில் அண்ணன் அழைத்தான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"பாப்பா, ஏதோ வருது."

"என்ன வருது?"

"மூக்குல. நேத்து சாயங்காலத்துலேர்ந்து. விட்டு விட்டு."

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "ரோஜாவா?"

"ரோஜா பாட்டிலை எடுத்தா எரியற நாத்தம். எலுமிச்சையும் எரியற நாத்தம். காபி எரியுது, சோப்பு எரியுது. ரப்பர் கருகுற மாதிரி."

"வீட்ல எதுவும் எரியலையே? போய்ப் பாத்தியா?"

"உன் அண்ணி ரெண்டு தடவை வீட்டையே சுத்தி வந்துட்டா. எதுவும் எரியல. மூக்கு டாக்டர்கிட்ட கேட்டேன். நரம்பு திரும்ப முளைக்கிறப்ப இப்படித் தப்புத் தப்பா வருமாம். நல்ல அறிகுறியாம். ஆனா இதோட நின்னாலும் நிக்கலாமாம்."

"அப்ப சந்தோஷப்படணுமா வேண்டாமா?"

"அதைக் கேக்கத்தான் உனக்குப் போன் பண்ணேன்," என்றான் அண்ணன்.

அவன் மூச்சை உள்ளே இழுப்பது போனில் கேட்டது. இழுத்துவிட்டு இருமினான். பிறகு மறுபடியும் இழுத்தான்.